மூன்றரை லட்சம் வாட்டா, 175 வாட்டா? ஒரு ரேடார் கணக்கின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே. வாசிப்பதற்காகக் கொஞ்சம் சீர் செய்யப்பட்டது.)

இன்னைக்கு ஒரு கணக்கோட கதை. கணக்குன்னதும் அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. பெருக்கலும் வகுத்தலும் தெரிஞ்சா போதும்.

இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டன் தப்பிச்சதுக்கான காரணங்களைப் பட்டியல் போட்டா, அதுல 'செயின் ஹோம்' ரேடார் வரிசை கண்டிப்பா இருக்கும். இங்கிலாந்தோட கிழக்கு, தெற்குக் கடற்கரை முழுக்க வேலி மாதிரி நின்ன கோபுரங்கள். அதைப் பத்தி எங்கே படிச்சாலும் ஒரு எண் வரும்: 350 கிலோவாட். அதாவது மூன்றரை லட்சம் வாட். படிக்கும்போதே ஒரு பிரமிப்பு வருது இல்லையா?

ஆனா அதே கோபுரம் வானத்துக்கு அனுப்பின பவரோட சராசரியைக் கணக்குப் போட்டா வர்ற விடை 175 வாட். நம்ம வீட்டுல ரெண்டு சீலிங் ஃபேனும் ஒரு சின்ன பல்பும் ஓடுற அளவு. அவ்வளவுதான்.

ரெண்டு எண்ணும் உண்மை. ஒன்னு இன்னொன்னைப் போல ரெண்டாயிரம் மடங்கு. நடுவுல இருக்கிற அந்த ரெண்டாயிரம் எங்கே போச்சு? அதைத் தேடிக்கிட்டு போனா ரேடார் பிறந்த கதையே கிடைக்கும். ஏன்னா ரேடார் பிறந்ததே பவர் பத்தின ஒரு கணக்குல இருந்துதான்.

எட்டு பைன்ட் தண்ணி

1930கள்ல பிரிட்டனுக்கு இருந்த பெரிய பயம் குண்டுவீச்சு விமானம். என்ன செஞ்சாலும் அது உள்ள வந்துடும், தடுக்க முடியாதுன்னு 1932ல ஸ்டான்லி பால்ட்வின் நாடாளுமன்றத்துலயே சொன்னார். அப்போ விமானம் வருதான்னு கண்டுபிடிக்க இருந்த வழி காது மட்டும்தான். கென்ட் கடற்கரையில டெஞ்ச் என்ற இடத்துல கான்கிரீட்ல பெரிய பெரிய 'ஒலிக் கண்ணாடி' கட்டி வெச்சு, விமானத்தோட இரைச்சலைக் கேக்கப் பார்த்தாங்க. இன்னைக்கும் அதெல்லாம் அங்கே நிக்குது. ஆனா விமானங்களோட வேகம் கூடக்கூட, சத்தம் கேட்டதுக்கும் விமானம் தலைக்கு மேல வர்றதுக்கும் நடுவுல நேரமே இல்லாம போச்சு.

அந்தக் காலத்துப் பத்திரிகைகள்ல 'சாவுக் கதிர்' பத்தி நிறைய வதந்தி. ரேடியோ அலையைக் குவிச்சு விமானியைக் கொன்னுடலாம், எஞ்சினை நிறுத்திடலாம்னு ஆளாளுக்குச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. இதுல ஏதாவது உண்மை இருக்கான்னு தெரிஞ்சுக்க, 1935 ஜனவரியில விமான அமைச்சகத்துல இருந்த ஹாரி விம்பரிஸ், ராபர்ட் வாட்சன்-வாட் கிட்ட கேட்டார். வாட்சன்-வாட் அப்போ ஸ்லவ் ஊர்ப் பக்கத்துல இருந்த வானொலி ஆய்வு நிலையத்தோட தலைவர்.

வாட்சன்-வாட் இந்தக் கேள்வியைத் தன் உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸ் கிட்ட கொடுத்தார். ஆனா 'சாவுக் கதிர்'னு வெளிப்படையா சொல்லல. ஒரு பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி மாத்திக் கொடுத்தார். 5 கிலோமீட்டர் தூரத்துல, 1 கிலோமீட்டர் உயரத்துல எட்டு பைன்ட் தண்ணி இருக்கு. அதை 98 டிகிரி பாரன்ஹீட்ல இருந்து 105 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு ரேடியோ பவர் அனுப்பணும்?

எட்டு பைன்ட்னா சுமார் நாலரை லிட்டர். ஒரு மனுஷ உடம்புல இருக்கிற ரத்தத்தோட அளவு. 98 டிகிரி சாதாரண உடல் சூடு, 105 கடுமையான காய்ச்சல். கேள்வி எதைப் பத்தினதுன்னு வில்கின்ஸுக்கு உடனே புரிஞ்சுபோச்சு. கணக்கும் போட்டார். நடக்கவே நடக்காது, அவ்வளவு பவரை யாராலயும் உண்டாக்க முடியாதுன்னு விடை வந்தது.

கதை அங்கேயே முடிஞ்சிருக்கலாம். முடியாதுன்னு எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். ஆனா வாட்சன்-வாட் இன்னொன்னு கேட்டார்: அழிக்க முடியாதுன்னா வேற எப்படி உதவ முடியும்? அப்போ வில்கின்ஸுக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர்கள், பக்கத்துல விமானம் பறந்தா ரேடியோ சிக்னல் தடுமாறுதுன்னு ஒரு குறிப்புல எழுதியிருந்தாங்க. அப்படின்னா விமானம் அலையைத் திருப்பி அனுப்புது. திரும்பி வர்ற அலை எவ்வளவு இருக்கும்? மறுபடியும் ஒரு கணக்கு. இந்தத் தடவை விடை நம்பிக்கை கொடுத்தது. சூடாக்கத் தேவைப்படுறதுல கடுகளவுகூட வேண்டாம். ரிசீவரால பிடிக்க முடிஞ்ச அளவு எதிரொலி வரும்.

சூடாக்கவும் பார்க்கவும் ஒரே அலைதான். அழிக்கிறதுக்குப் பத்தாத பவர், கண்டுபிடிக்கிறதுக்குத் தாராளமா போதும்னு அந்த ரெண்டு கணக்கும் சேர்ந்து சொன்னது. விமானங்களை ரேடியோ முறையில் கண்டறிவது பத்தின குறிப்பு 1935 பிப்ரவரியிலேயே அமைச்சகத்துக்குப் போயிடுச்சு.

டாவென்ட்ரி சோதனை

பேப்பர்ல போட்ட கணக்கை யாரும் சும்மா நம்பிட மாட்டாங்க. 1935 பிப்ரவரி 26ஆம் தேதி ஒரு சோதனை. டாவென்ட்ரியில பிபிசி-யோட குறுஞ்சிற்றலை ஒலிபரப்பி இருந்தது, அலைநீளம் 49 மீட்டர். புதுசா எதையும் கட்டாம, அந்த ஒலிபரப்பையே பயன்படுத்திக்கிட்டாங்க. கொஞ்ச தூரத்துல ஒரு வேன்ல ரிசீவரை வெச்சுக்கிட்டு வில்கின்ஸும் வாட்சன்-வாட்டும் உட்கார்ந்திருந்தாங்க. அமைச்சகத்துலேருந்து ஏ. பி. ரோ வந்திருந்தார். ஹேஃபோர்ட் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்னு மேல போயிட்டு வந்தது. திரையில கோடு அசைஞ்சது. சுமார் 8 மைல் வரைக்கும் விமானத்தை உணர முடிஞ்சது.

இங்க ஒன்னு கவனிக்கணும். பிபிசி ஒலிபரப்பு நிக்காம போயிட்டே இருக்கிற அலை. அதுல உச்சமும் சராசரியும் ஒன்னுதான். விமானம் இருக்குங்கிறது தெரிஞ்சது. எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரியல. நிக்காம வர்ற அலையில, எப்போ கிளம்பினது எப்போ திரும்பினதுன்னு அடையாளம் வைக்க முடியாது.

மலைப்பக்கம் போனா நாம என்ன செய்வோம்? "ஓ"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டு வாயை மூடிக்கிட்டுக் காத்திருப்போம். சத்தம் திரும்பி வர்ற நேரத்தை வெச்சு மலை எவ்வளவு தூரம்னு சொல்லலாம். நிறுத்தாம கத்திக்கிட்டே இருந்தா எதிரொலி காதுல விழவே விழாது. அதனால ரேடாருக்கும் ரெண்டு வேணும்: சுருக்கமா ஒரு கத்தல், நீளமா ஒரு மௌனம். சுருக்கமான அந்தக் கத்தலுக்குத் 'துடிப்பு'ன்னு பேர். வானத்து மேலடுக்குகளை ஆராயறவங்க ஏற்கெனவே 1920கள்லேருந்து இந்தத் துடிப்பு முறையைப் பயன்படுத்திக்கிட்டுதான் இருந்தாங்க. அந்த அனுபவம் வாட்சன்-வாட் குழுவுக்குக் கை கொடுத்தது.

1935 மே மாசம் ஆர்ஃபோர்ட்நெஸ் கடற்கரைக்குப் போனாங்க. ஜூன்லயே ஒரு பறக்கும் படகை 17 மைல் தூரத்துல கண்டுபிடிச்சாங்க. அப்புறம் பாட்ஸி மாளிகைக்கு இடம் மாறினாங்க. 1939ல போர் தொடங்கினப்போ சுமார் 20 செயின் ஹோம் நிலையங்கள் தயார்.

இப்போ கணக்கு

செயின் ஹோம் நிலையத்துல ஒலிபரப்பு அலைக்கம்பிகளைத் தாங்கினது 360 அடி உயர எஃகுக் கோபுரங்கள். எதிரொலியைக் கேக்க 240 அடி உயர மரக் கோபுரங்கள். ஒலிபரப்பிகளைச் செஞ்சது மெட்ரோபாலிடன்-விக்கர்ஸ், ரிசீவர்களைச் செஞ்சது காசர் நிறுவனம். நமக்கு வேண்டியது மூணு எண்தான்.

ஒன்னு, துடிப்பு போகிற நேரத்துல இருக்கிற பவர்: 350 கிலோவாட். பாடப்புத்தகத் தமிழ்ல பவரைத் 'திறன்'னு சொல்வாங்க, அதனால இது உச்சத் திறன். ரெண்டு, ஒரு துடிப்போட நீளம்: வழக்கமா 20 மைக்ரோ வினாடி. ஒரு வினாடியைப் பத்து லட்சமாப் பிரிச்சு அதுல இருபது பங்கு. மூணு, வினாடிக்கு எத்தனை துடிப்பு: 25.

இனி பெருக்க வேண்டியதுதான். ஒரு துடிப்பு 20 மைக்ரோ வினாடி. வினாடிக்கு 25 துடிப்பு. ஆக ஒரு வினாடியில ஒலிபரப்பி பேசுற மொத்த நேரம் 500 மைக்ரோ வினாடி, அதாவது ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. இந்தப் பங்கைத்தான் பொறியாளர்கள் 'டியூட்டி சைக்கிள்'னு சொல்றாங்க. மூன்றரை லட்சத்தை ரெண்டாயிரத்தால வகுத்தா 175. அதுதான் சராசரித் திறன். தொலைஞ்சுபோன ரெண்டாயிரம் இப்போ கிடைச்சாச்சு. அது மௌனத்துல இருந்தது.

இதை ஒரு நாளுக்கு விரிச்சுப் பாருங்க. 24 மணி நேரமும் இடைவிடாம ஓடுற நிலையம் உண்மையிலேயே ஒலிபரப்பினது மொத்தம் 43 வினாடி. மீதி நேரம் பூரா கேட்டுக்கிட்டே இருந்தது.

உலக்கையால நெல் குத்துறதைப் பார்த்திருக்கீங்களா? உலக்கை விழுற அந்தக் கணத்துல உரலுக்குள்ள இருக்கிற வேகம் பெருசு. ஆனா குத்துறவங்க அந்த வேகத்தை ஒரு மணி நேரம் விடாம கொடுக்கல. தூக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்ததை ஒரே நொடியில இறக்குறாங்க. ரேடார் ஒலிபரப்பியும் அப்படித்தான். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுல சேமிக்கும், அப்புறம் ஒரே போடாப் போடும். செயின் ஹோமோட ஒரு துடிப்புல இருந்த ஆற்றல் 7 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பையை முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாத் தூக்குற வேலை. அதை 20 மைக்ரோ வினாடிக்குள்ள முடிச்சதால மூன்றரை லட்சம் வாட்னு வருது.

இது ஆன்டெனா வழியா வெளியே போன பவர் மட்டும். வால்வைச் சூடாக்க, குளிர்விக்க, வெற்றிடத்தைப் பராமரிக்க நிலையம் இழுத்த மின்சாரம் வேற, அது இதைவிட ரொம்ப அதிகம்.

இப்போ அந்த எட்டு பைன்ட் தண்ணிக்குத் திரும்புவோம். நாலரை லிட்டர் தண்ணியை 7 பாரன்ஹீட் டிகிரி, அதாவது ஏறக்குறைய 4 செல்சியஸ் டிகிரி சூடேத்த சுமார் 74,000 ஜூல் வேணும். 350 கிலோவாட் நிக்காம பாய்ஞ்சா கால் வினாடிகூட ஆகாது. ஆனா உண்மையான செயின் ஹோம் அனுப்புற மொத்தத்தையும் ஒரு துளி சிந்தாம அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே ஊத்தினாக்கூட 7 நிமிஷம் ஆகும். ஊத்தவும் முடியாது. அலை வானம் பூரா பரவுது, 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாத்திரத்துக்குப் போய்ச் சேர்றது தூசி. கேள்வி கேட்டு நாலஞ்சு வருஷம் கழிச்சுக் கட்டின இயந்திரமே, வில்கின்ஸ் சொன்ன 'முடியாது' சரிதான்னு காட்டிடுச்சு.

எதுக்கு இந்த உச்சம்?

அப்போ ஏன் இவ்வளவு சிரமப்பட்டு 350 கிலோவாட்டுக்குப் போகணும்? 175 வாட்டையே மெதுவா, நிதானமா அனுப்பக்கூடாதா?

காரணம் தூரத்தைச் சொல்ற துல்லியம். ரேடியோ அலை 20 மைக்ரோ வினாடியில 6 கிலோமீட்டர் போகும். போக வரன்னு பார்த்தா 3 கிலோமீட்டர். அதைவிட நெருக்கமா முன்பின்னாப் பறக்கிற ரெண்டு விமானத்தோட எதிரொலி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். துடிப்பை நீட்டினா இந்த ஒட்டல் இன்னும் கூடும். துடிப்பைச் சுருக்கினா அதுக்குள்ள இருக்கிற ஆற்றல் குறையும், தூரத்து விமானம் தெரியாது. துடிப்பு சின்னதாவும் இருக்கணும், ஆற்றலும் நிறைய இருக்கணும்னா உச்சத்தை உயர்த்துறதைத் தவிர அன்னைக்கு வேற வழி இல்ல.

அதுக்கு மேல இன்னொரு கஷ்டம். தூரம் ரெண்டு மடங்கு ஆனா, போகும்போது அலை நாலுல ஒரு பங்காக் குறையுது, திரும்பும்போது மறுபடி நாலுல ஒரு பங்கு. மொத்தம் பதினாறுல ஒரு பங்கு. அதாவது ரெண்டு மடங்கு தூரம் பார்க்கப் பதினாறு மடங்கு பவர் வேணும். செயின் ஹோமோட உச்சத்தைப் பிற்பாடு 750 கிலோவாட் வரைக்கும் ஏத்தினாங்க. ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தியும் இந்தக் கணக்குப்படி தூரம் கூடுறது ஏறக்குறைய ஐந்துல ஒரு பங்குதான்.

உச்சத்துக்கு ஒரு வரம்பு, சராசரிக்கு ஒரு வரம்பு, ரெண்டும் வேற வேற. உச்சம் எல்லை மீறினா வால்வுக்குள்ளயோ கேபிள்லயோ பொறி பறக்கும், காப்பு உடையும். சராசரி எல்லை மீறினா வெப்பத்துல உருகும். ரேடார் கட்டுறவருக்கு இந்த ரெண்டு சுவருக்கு நடுவுலதான் வழி. அதனாலதான் எந்த ரேடாரோட குறிப்பேட்டுலயும் ரெண்டு எண்ணையும் தனித்தனியா எழுதுறாங்க.

அந்த 25க்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டன்ல மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, அதுல பாதி 25. எல்லா நிலையங்களும் நாட்டோட பொது மின்கட்டமைப்பைத்தான் கடிகாரமா வெச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நேரம் ஒதுக்கிட்டா ஒருத்தர் துடிப்பு இன்னொருத்தர் திரையைக் கெடுக்காது. தனியா ஒரு கடிகாரம் செய்ய வேண்டாம், வீட்டுக்கு விளக்கெரிக்கிற கம்பியே போதும்.

சில சமயம் அதையும் பாதியாக்கி வினாடிக்கு பன்னிரண்டரைன்னு ஓட்டினாங்க. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, வானத்து மேலடுக்குல மோதித் திரும்பி வர்ற எதிரொலி, அடுத்த துடிப்போட கணக்குல கலந்து ஏமாத்தும். அதைத் தவிர்க்கத்தான் கூடுதல் மௌனம். அப்போ சராசரி வெறும் எண்பத்தேழரை வாட்.

1940 கோடைக்காலம்

175 வாட் போதுமா? போதும்னு 1940 காட்டுச்சு. ஆனா அது வாட்டோட வெற்றி மட்டும் இல்ல.

செயின் ஹோம் திரை இன்னைக்கு சினிமாவுல காட்டுற மாதிரி சுத்துற வட்டம் கிடையாது. ஒரு கோடு. விமானம் இருக்கிற தூரத்துல அந்தக் கோடு ஒரு பல் மாதிரி கீழே இறங்கும். கோடு முழுக்க இரைச்சல் புல்லு மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். வினாடிக்கு 25 தடவை அதே இடத்துல எதிரொலி விழும். இரைச்சல் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல துள்ளும். திரையோட ஒளிர்வும் பார்க்கிறவங்க கண்ணும் சேர்ந்து இதைக் கூட்டிக்கிட்டே போகும். ஒரு தடவை தெரியாதது நூறு தடவையில தெரியும். விமானப்படையோட பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் பலர் மணிக்கணக்கா இந்தத் திரை முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. சராசரியை உண்மையிலேயே கணக்குப் போட்டது அவங்க கண்தான்னு எனக்குத் தோணும்.

நல்ல சூழ்நிலையில 100 மைல் தூரத்துல விமானக் கூட்டம் தெரியும். மணிக்கு 200 மைல் வேகத்துல வந்தா அது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் தொலைபேசி வழியா தகவல் தொகுக்கிற அறைக்குப் போகும், அங்கிருந்து வரைபட மேசைக்கு, அங்கிருந்து விமானத் தளத்துக்கு. ஹியூ டவுடிங் கட்டின இந்த ஏற்பாடு இருந்ததாலதான் குறைஞ்ச எண்ணிக்கையில இருந்த ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் சும்மா வானத்துல சுத்தி எரிபொருளை வீணாக்காம, சரியான நேரத்துக்கு மேல ஏற முடிஞ்சது.

இது இல்லாத இடத்துல என்ன ஆகும்? 1941 டிசம்பர் 7, ஹவாய்த் தீவுல ஒபானா என்ற இடம். அமெரிக்க ராணுவத்தோட எஸ்.சி.ஆர்.-270 ரேடார், காலை ஏழு மணி தாண்டினதும் சுமார் 130 மைல் தூரத்துல பெரிய விமானக் கூட்டத்தைக் காட்டுச்சு. ரெண்டு வீரர்கள் தொலைபேசியில சொன்னாங்க. அன்னைக்கு அமெரிக்க விமானங்களும் வர வேண்டியிருந்ததால, அதுவாத்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க. வந்தது பேர்ல் ஹார்பரைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்கள். ரேடார்ல பவர் இருந்தது, கேட்டதை எடுத்துக்கிட்டுப் போற பாதை அங்கே இல்ல.

நிலா வரைக்கும்

அதே அமெரிக்க ரேடார் குடும்பத்துல இருந்து கதைக்கு ஒரு அழகான பின்பகுதி வருது.

போர் முடிஞ்சதும், நியூ ஜெர்சியில பெல்மார் ஊர்ப் பக்கம் இருந்த ஈவான்ஸ் ராணுவ ஆய்வகத்துல ஜான் டிவிட் என்பவர் தலைமையில ஒரு குழு, எஸ்.சி.ஆர்.-271 ரேடாரை மாத்தி அமைச்சாங்க. முன்ன சொன்ன 270 வண்டியில இழுத்துட்டுப் போறது, 271 ஒரே இடத்துல நிக்கிறது. குறி விமானம் இல்ல, நிலா. திட்டத்துக்கு டயானான்னு பேர். 1946 ஜனவரி 10, நிலா உதிக்கிற நேரம் பார்த்து அனுப்பினாங்க. ஆன்டெனாவை மேல கீழ சாய்க்க முடியாது, பக்கவாட்டுல மட்டும்தான் திருப்ப முடியும். அதனால நிலா உதிக்கும்போதோ மறையும்போதோதான் வாய்ப்பு. ரெண்டரை வினாடி கழிச்சு எதிரொலி திரும்பி வந்தது.

அதோட உச்சத் திறன் எவ்வளவு தெரியுமா? சுமார் 3,000 வாட். செயின் ஹோமோட நூத்துல ஒரு பங்குகூட இல்ல. ஆனா துடிப்போட நீளம் கால் வினாடி. ஒரு துடிப்புல 750 ஜூல், செயின் ஹோமைப் போல நூறு மடங்குக்கு மேல. எதிரொலிக்கே ரெண்டரை வினாடி காத்திருக்கணும் இல்லையா, அதனால கணக்குக்கு நாலு வினாடிக்கு ஒரு துடிப்புன்னு வெச்சுப்போம். சராசரி எவ்வளவு? 187 வாட்.

இதை முதல்ல போட்டுப் பார்த்தப்போ நான் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கிட்டிருந்தேன். இங்கிலாந்துக் கடற்கரையில விமானத்தைப் பார்த்ததும், நிலாவைத் தொட்டுட்டு வந்ததும் ஏறக்குறைய ஒரே சராசரித் திறன். வித்தியாசம் எங்கேன்னா, அதை எப்படிப் பங்கு போட்டாங்க என்பதுல. டயானா குழுவுக்கு நிலா எவ்வளவு தூரம்னு அளக்கத் தேவையில்ல, அது முன்னமே தெரியும். கால் வினாடித் துடிப்புல தூரத் துல்லியம் 37,000 கிலோமீட்டர்னு வரும். விமானத்துக்கு அது உதவாது, நிலாவுக்குப் பரவாயில்ல. நிலாவும் பெரிய இலக்கு. 64 இருமுனைக் கம்பிகளோட ஆன்டெனா அலையைக் குவிச்சுக் கொடுத்தது. துடிப்பு நீளமா இருந்ததால ரிசீவரை ரொம்பக் குறுகின அலைவரிசைக்குள்ள சுருக்கி, இரைச்சலை வெளியே தள்ள முடிஞ்சது.

நாலு வாரத்துக்குள்ள, 1946 பிப்ரவரி 6ஆம் தேதி, ஹங்கேரியில ஸோல்டான் பாய் என்ற இயற்பியலாளரும் இதைச் செஞ்சார். அவருக்கு டிவிட்டுக்கு இருந்த வசதி கிடையாது. போர்ல நொறுங்கின புடாபெஸ்ட். வேலை பார்த்த டங்ஸ்ராம் தொழிற்சாலையை சோவியத் படைகள் கழற்றிக்கிட்டுப் போனதுல அவரோட கருவிகளும் போச்சு. மறுபடி முதல்ல இருந்து கட்டினார். ஒரு எதிரொலி தனியா இரைச்சலுக்கு மேல தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். அதனால சுமார் ஆயிரம் எதிரொலிகளை ஒன்னு மேல ஒன்னாச் சேர்த்தார். எதை வெச்சு? மின்சாரம் பாயும்போது ஹைட்ரஜன் வாயு சேருற கண்ணாடிக் குழாய்கள். பத்துக் குழாய், ஒவ்வொன்னும் எதிரொலி நேரத்துல ஒரு பகுதிக்கு. எல்லாத்துலயும் இரைச்சல் சமமாச் சேரும். நிலாவோட எதிரொலி விழுற குழாய்ல மட்டும் வாயு கொஞ்சம் கூடுதலா இருக்கும். சிறுதுளி பெருவெள்ளம்னு நாம சொல்றதை அவர் குழாய்ல அளந்து காட்டினார்.

ரெண்டு சுவருக்கு நடுவுல ஒரு கதவு

சின்னத் துடிப்புன்னா துல்லியம், பெரிய துடிப்புன்னா ஆற்றல். ரெண்டையும் சேர்த்துக் கொடுக்க ஒரு வழி பிற்பாடு வந்தது. நீளமான துடிப்பையே அனுப்பு, ஆனா அதுக்குள்ள அலையோட அதிர்வெண்ணை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் சீரா மாத்திக்கிட்டே போ. திரும்பி வந்ததும் அந்த மாற்றத்தை வெச்சு நீளத் துடிப்பைச் சுருக்கிடலாம். பறவை கீச்சிடுற மாதிரி இருக்கிறதால இதுக்கு 'சிர்ப்'னு பேர். 1960ல பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த நாலு பேர் இதோட கோட்பாட்டையும் வடிவமைப்பையும் விரிவா எழுதினாங்க.

இதனாலதான் இன்னைக்கு டிரான்சிஸ்டர்லயே ரேடார் செய்ய முடியுது. டிரான்சிஸ்டர் பெரிய உச்சத்தைத் தாங்காது, ஆனா நீண்ட நேரம் நிதானமா உழைக்கும். பத்துல ஒரு பங்கு நேரம் பேசுற ரேடாரா இருந்தா, 1,750 வாட் உச்சமே செயின் ஹோமோட 175 வாட் சராசரியைக் கொடுத்துடும். மூன்றரை லட்சம் தேவையே இல்ல. ஒரு ரேடாரோட உச்சத் திறனை மட்டும் வெச்சு அது எவ்வளவு தூரம் பார்க்கும்னு யாராவது சொன்னா, துடிப்பு எவ்வளவு நீளம், வினாடிக்கு எத்தனைன்னு கேளுங்க. அந்த ரெண்டும் இல்லாம முதல் எண்ணுக்கு அர்த்தம் பாதிதான்.

கடைசியா அந்த எட்டு பைன்ட் தண்ணி. 1940 பிப்ரவரியில பர்மிங்காம்ல ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் கேவிட்டி மேக்னட்ரானை முதன்முதலா ஓட்டினாங்க. போர்ல அது விமானத்துக்குள்ள வைக்கிற அளவு சின்ன ரேடாருக்கு உயிர் கொடுத்தது. போர் முடிஞ்சதும் அதே மேக்னட்ரான் மைக்ரோவேவ் அடுப்புக்குள்ள போச்சு. ஒரு வீட்டு அடுப்போட பவர் 700, 800 வாட். செயின் ஹோம் கோபுரத்தோட சராசரியைப் போல நாலு மடங்கு. அந்தத் தண்ணியை ரெண்டு நிமிஷத்துக்குள்ள 105 டிகிரிக்குக் கொண்டு வந்துடும். ஆனா 5 கிலோமீட்டர் தள்ளி இல்ல, மூடின ஒரு பெட்டிக்குள்ள.

வில்கின்ஸ் பேர் வாட்சன்-வாட் பேர் அளவுக்கு வெளியே தெரியாது. ஆனா 'முடியாது'ன்னு விடை வந்த கணக்கைத் தூக்கிப் போடாம, அதே அலையை வெச்சு வேற என்ன முடியும்னு அடுத்த கணக்கைப் போட்டவர் அவர். அந்த ரெண்டாவது கணக்குல இருந்துதான் அந்த அரை மணி நேர முன்னறிவிப்பு வந்தது.